மூணாவது கூப்பாடு

திருப்பூரிலிருந்து என் கொழுந்தியா போன் போட்டாள். வீட்டுக்காரரின் தங்கச்சி. முழுப்பரீட்சை லீவு விட்டு பத்து நாள் இருக்கும்.

"மதினி, ஒங்க மகளும் எம் மகளும் போன்ல ஒரு பேய் விளையாட்டு விளையாடுதுகளே, அது என்னன்னு பாத்தீகளா?"

"பாக்கல."

"நேத்து ஷிப்டு முடிஞ்சு வந்து கதவத் தட்டுறேன். மக பேரச் சொல்லிக் கூப்பிடுறேன். தொறக்க மாட்டேங்கிறா. உள்ள லைட்டு எரியுது. கதவுக்கு அந்தப் பக்கம் அவ மூச்சு விடுறது எனக்குக் கேக்குது மதினி. தொறக்க மாட்டேங்கிறா. அரை மணி நேரம் நின்னு பாத்துட்டு, பெறகு போன் போட்டு நான்தான் அம்மான்னு சொல்லி, காலையில என்ன கொழம்பு வச்சேன்னு சொன்ன பெறகுதான் தாப்பாள எடுத்தா."

"சூதானமா இருக்கா. நல்லதுதான" என்றேன்.

"நல்லதா கெட்டதான்னு எனக்குப் பிடிபடல. லைட்ட அமத்த விட மாட்டேங்கிறா. நீங்க பாத்துச் சொல்லுங்க. வேணாம்னா இன்னைக்கே அழிச்சிருவேன். ஆனா அதையும் எடுத்துட்டா அந்த ஒத்த ரூமுல அவ என்ன செய்வா?"

அவளும் மாப்பிள்ளையும் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள். பிள்ளை பத்தாவது போகப் போகிறது. காலையில் டியூஷன். அதனால் லீவுக்கு ஊருக்கு வரவில்லை. பத்து மணிக்கு ரூமுக்கு வந்தால் ராத்திரி எட்டு மணி வரைக்கும் அவள் மட்டும்தான். என் மகளோடு சேர்ந்து அந்த விளையாட்டை விளையாடித்தான் பொழுதைக் கழிக்கிறாள். அது எனக்குத் தெரியும்.

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். என்னிடம் ஏன் கேட்டாள் என்றால் நான் வீட்டில் இருக்கிற ஆள். அவ்வளவுதான்.

வீடு என்றால் திருச்சுழி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கருவேலங்காட்டு ஓரம். எங்களுக்குக் கரிமூட்டத் தொழில். சீமைக்கருவையை வெட்டி, துண்டு போட்டு, குவித்து அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் போட்டு, ஈரமண்ணால் மூடி நெருப்பு வைப்போம். நெருப்பு எரியக் கூடாது. உள்ளேயே புழுங்கணும். எங்கேயாவது விரிசல் விட்டுக் காத்துப் புகுந்தால் மரம் முழுக்கச் சாம்பலாகிவிடும். அதனால் ஒரு வாரத்துக்கு ஆள் மாற்றி ஆள் காவல் இருந்து மண்ணை அப்பிக்கொண்டே இருப்போம்.

மறுநாள் மத்தியானம் மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுக்குப் பதிமூணு வயசு. ஒன்பதாவது போகிறாள். கொரோனாக் காலத்தில் பாடம் படிக்க வாங்கிய போன்தான். காதில் மாட்டுகிற வயர் ஒன்று, அதில் பேசவும் செய்யலாம்.

"நானும் பாக்கணும்" என்றேன்.

"ஒனக்கு எதுக்கும்மா?"

"ஒங்க அத்தை கேக்குறா."

மகள் முறைத்தாள். வயரைக் கழற்றிவிட்டுச் சத்தத்தை வெளியே விட்டாள்.

விளையாட்டு இதுதான். பாழடைந்த மில்லு ஒன்று. இருட்டு. நாலு பேர் வரைக்கும் சேர்ந்து போகலாம். ஆளுக்கு ஒரு டார்ச்லைட்டு. உள்ளே கிடக்கிற பழைய சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து வெளியே நிற்கிற வேனில் போட்டுத் தப்பிக்கணும். உள்ளே ஒன்று சுற்றுகிறது. கை நீளம். மூஞ்சி கிடையாது. அதுக்குப் பேர் இருக்கிறது, பிள்ளைகள் சொல்வதில்லை. அது என்றே சொல்கிறார்கள். அதுக்குக் கண் தெரியாது. காது கேட்கும். நாம் போனில் பேசுகிற சத்தம் அதுக்குக் கேட்டால் வந்துவிடும்.

கொழுந்தியா மகள் திருப்பூரிலிருந்து பேசினாள். குசுகுசுவென்று.

"மச்சி, எங்க இருக்க?"

"மாடிப்படிக்குக் கீழ. அம்மா பக்கத்துல இருக்கு."

"அத்தையா? அத்தை, சத்தம் போடாதீக. போட்டா நாங்க செத்தோம்."

நான் பேசவில்லை. எனக்கு அது பெரிய காரியமில்லை.

முதலில் ரத்தத்தைப் பார்த்தேன். கொஞ்சம்தான். கிடா வெட்டுக்குப் போகிற பிள்ளைகள், அதைவிட அதிகம் பார்த்திருக்கிறார்கள். கெட்ட வார்த்தை இல்லை. "தெரியாத ஆளுக உள்ள வருவாகளா?" என்று கேட்டேன். பூட்டிவிட்டோம், நம்பர் தெரிந்தால்தான் வர முடியும் என்றாள். பூட்டினதைக் காட்டச் சொன்னேன். காட்டினாள். மேலே பதினாறு வயசு என்று போட்டிருந்தது.

"பதினாறுன்னு போட்டிருக்கு?"

"அது சும்மாம்மா. எல்லாத்துலயும் போடுவாங்க."

சரி என்று விட்டேன். அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்கணும். நிறுத்தவில்லை.

இன்னொன்றையும் பார்த்தேன். ஒரு தடவை திருப்பூர்ப் பிள்ளையை அது பிடித்துவிட்டது. காலை இழுத்துப் போட்டுவிட்டுப் போனது. என் மகள் வேன் பக்கத்தில் நின்றாள். ஏறிப் போயிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். போகவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போய் மச்சியைத் தூக்கிவிட்டாள். இந்த விளையாட்டில் ஒருத்தரை ஒருத்தர் தூக்கிவிடலாம். எனக்கு அது பிடித்திருந்தது.

அப்போதுதான் போனுக்குள்ளே என் சத்தம் கேட்டது.

"ஏ புள்ள, இங்க வா."

நான் வாயைத் திறக்கவே இல்லை. உள்ளே இருட்டிலிருந்து வந்தது. என் சத்தமேதான். கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

திரும்பிச் சுற்றிப் பார்த்தேன். பிள்ளைகள் ரெண்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

"அது நம்ம சத்தத்தப் பிடிச்சு வச்சுக்கிடும்மா. பெறகு அதே சத்தத்துல கூப்பிடும். நீ காலையில கூப்பிட்டல்ல, அப்பப் பிடிச்சிருக்கு. நம்பிப் போனோம்னா அம்புட்டுத்தான்."

"அப்ப எப்படிக் கண்டுபிடிப்பீக?"

மகள் பெருமையாகச் சொன்னாள். "நீ சொன்னதுதான். மூணு தடவ."

நான் சொன்னதுதான். எங்கள் தொழிலில் மூட்டத்துக்கு ராக்காவல் இருக்கும்போது யாராவது பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு தடவைக்கு ஏன் என்று கேட்க மாட்டோம். ரெண்டாவதுக்கும் கேட்க மாட்டோம். மூணு தடவை கூப்பிட்டால்தான் மனுசன். காத்துக்கருப்பு மூணாவது தடவை கூப்பிடாது. என் மாமியா எனக்குச் சொன்னது. நான் என் மகளுக்குச் சொன்னேன். அவள் திருப்பூருக்குச் சொல்லியிருக்கிறாள்.

"அதுவும் ரெண்டு தடவதான் கூப்பிடும் அத்தை. எண்ணிப் பாத்துட்டோம்" என்றது திருப்பூர். "நீங்க சொன்னத வச்சுத்தான் நாங்க ஜெயிக்கிறோம். எங்க கிளாஸ்ல எவளுக்கும் தெரியாது."

நானும் சிரித்தேன். அன்றைக்குச் சாயங்காலம் கொழுந்தியாவிடம் சொன்னேன். "பெருசாத் தப்பு ஒண்ணும் தெரியல. இன்னும் ரெண்டு நாள் பாத்துட்டு முடிவாச் சொல்றேன்."

அதற்கு அடுத்த நாள், காலை பதினோரு மணி.

வீட்டுக்காரர் சாக்கு வாங்க நரிக்குடி போயிருந்தார். மூட்டத்துக்கு அஞ்சாவது நாள். புகை வெள்ளையிலிருந்து நீலத்துக்குத் திரும்புகிற நேரம். இந்த நேரம்தான் உள்ளே மரம் சுருங்கி மேல்மண் அமுங்கும். மூட்டத்து மேல் ஏறுவதென்றால் கீழே ஒரு ஆள் தண்ணியோடு நிற்கணும். ஒத்தையில் ஏற மாட்டோம்.

உச்சியில் ஒரு விரிசல் தெரிந்தது. கை அகலம். காத்தும் கிளம்பியிருந்தது. அவுக வருகிற வரைக்கும் விட்டால் பாதி மூட்டம் போய்விடும். மகள் வீட்டுக்குள்ளே இருந்தாள். முப்பது தப்படி தூரம். கூப்பிட்டுக் கீழே நிறுத்தியிருக்கணும். அவள் புகைக்குள் நிற்க வேண்டாமே, ஒரு சட்டி மண்தானே என்று நினைத்தேன். பலகையைச் சாய்த்து ஏறினேன்.

மண்ணை அப்பிவிட்டுத் திரும்பினேன். இடது கால் பலகையை விட்டு ஒரு சாண் தள்ளி விழுந்தது. மண் உடைந்தது. கால் உள்ளே போய்விட்டது.

முழங்கால் வரைக்கும் போனது. உள்ளே நெருப்பு இல்லை, அனல்தான். அனல் நெருப்பைவிட மோசம். ரெண்டு கையாலும் பலகையைப் பிடித்தேன். இழுத்தால் இன்னும் மண் உடைகிறது. அசையாமல் இருந்தால் கால் வேகிறது.

மகளைக் கூப்பிட்டேன். பேரைச் சொல்லிக் கத்தினேன். "இங்க வா, சீக்கிரம் வா."

சத்தம் இல்லை.

ரெண்டாவது தடவை கத்தினேன். வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே அவள் உட்கார்ந்திருக்கிற முதுகு எனக்குத் தெரிந்தது. முதுகு அசைந்தது. விறைத்து நிமிர்ந்தது. அவளுக்குக் கேட்டுவிட்டது. எனக்குத் தெரிந்துபோச்சு, கேட்டுவிட்டது. ஆனால் திரும்பவில்லை.

மூணாவது தடவைக்கு வாயைத் திறந்தேன். உடைந்த ஓட்டையிலிருந்து புகை மூஞ்சியில் அடித்தது. இருமல்தான் வந்தது. சத்தம் வரவில்லை.

அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. அவள் திரும்ப மாட்டாள் என்று தெரிந்த பிறகு பலகை மேல் நெஞ்சைப் போட்டுப் படுத்தேன். மற்ற காலைப் பலகையில் ஊன்றி உருண்டேன். கால் வெளியே வந்தது. செருப்பு உள்ளேயே போச்சு. அப்படியே சரிந்து கீழே விழுந்து, தொட்டித் தண்ணியில் காலை விட்டேன். தோல் தண்ணியில் மிதந்தது.

தண்ணிச் சத்தம் கேட்டுத்தான் வந்தாள். வாசலில் நின்றாள். காதில் வயர் தொங்குகிறது.

"அம்மா, நீதானா?"

என் காலைப் பார்த்தாள். கத்தினாள்.

"கத்தாத. ஓட்டைய அடை. கீழ நின்னே மம்பட்டியால மண்ண வீசு. மேல ஏறாத."

அழுதுகொண்டே வீசினாள். அடைத்துவிட்டாள். பிறகு பக்கத்து வீட்டுப் பையனுடைய வண்டியில் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் என் முதுகில் மூஞ்சியை வைத்துக்கொண்டு வந்தாள். கட்டுப் போட்டு, ஊசி போட்டு, ஒரு மாதம் காலை ஊன்றாதே என்றார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் சொன்னாள். அவள் அப்போது மில்லுக்குள்ளே ஒரு பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். மச்சி எதிரே ஒரு மூலையில். என் சத்தம் வந்தது. வயர் மாட்டியிருந்ததால் லேசாக, தூரத்திலிருந்து வந்த மாதிரி கேட்டது. அது வந்துவிட்டது என்று நினைத்தாள். "ஒங்கம்மா சத்தம்டி, அசையாத" என்று மச்சியும் சொல்லியிருக்கிறாள். அவளுக்கும் போன் வழியாகக் கேட்டிருக்கிறது. ரெண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார்கள். ஒன்று. ரெண்டு. மூணாவது வரவில்லை.

"போயிருச்சுன்னு நெனச்சோம்மா" என்றாள்.

வீட்டுக்காரர் போனைக் கையில் எடுத்துவிட்டார். "இந்தக் கருமத்த கெணத்துல போடுறேன் இரு."

"வைங்க அத."

"கால வேக வச்சிட்டு வந்து கெடக்க. இதுல வைங்கங்கிற."

"இத கெணத்துல போட்டுருவீக. திருப்பூருல ஒண்ணு இருக்கே, அத யாரு போடுவா? ஒங்க தங்கச்சிக்கு நான் ஒரு பதில் சொல்லணும். பாத்துட்டுச் சொல்றேன்."

"இன்னும் என்னத்தப் பாக்கணும்?"

பார்க்க வேண்டியது இருந்தது. முதல் தடவை நான் வெளியே உட்கார்ந்து பார்த்தேன். ரத்தம், கெட்ட வார்த்தை, தெரியாத ஆள் என்று தேடினேன். மற்றவர்கள் சொல்கிற பயங்களை வைத்துக்கொண்டு தேடினேன். இந்த விளையாட்டின் பயம் வேறே எங்கேயோ இருந்தது. அதை உள்ளே போய்த்தான் பார்க்கணும் என்று பட்டது. நாலு நாள் கழித்து, கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, மகளைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னேன். அவள் தொட மாட்டேன் என்றாள். அன்றைக்கிலிருந்து அவள் அந்தப் போனைத் தொடவில்லை. சாப்பாடும் சரியில்லை. நான் தண்ணி கேட்டால் கேட்கிறதுக்கு முன்னாடியே ஓடி வந்து நிற்கிறாள். அதுவும் நன்றாக இல்லை.

"வா. ஒங்க அத்தைக்காக" என்றேன்.

மூணு பேரும் போனோம். நான், என் மகள், திருப்பூர். வயரை நான் மாட்டிக்கொண்டேன். மகள் வேறொரு போனில், அவள் அப்பாவுடையது, அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"அத்தை, கட்டை விரலால நகத்துங்க. அய்யோ, செவத்துல முட்டாதீக. எருமை மாதிரி போறீக."

"பேசாம வா."

கொஞ்ச நேரத்தில் எனக்குப் பிடிபட்டது. பிடிபட்ட பிறகு பயமும் வந்தது. வேர்த்தது. பகல் ரெண்டு மணி, வெளியே வெயில் கொளுத்துகிறது, வயரை மாட்டிவிட்டால் அந்த மில்லுதான் இருக்கிறது. ஒரு நீள ரூம். தறி மாதிரி என்னமோ வரிசையாக நிற்கிறது. மகள் எனக்கு முன்னால் போனாள். திரும்பினாள். காணவில்லை.

நின்றேன்.

"அம்மா."

வலது பக்கத்துக் கதவுக்கு உள்ளேயிருந்து. என் மகள் சத்தம். அழுகிற சத்தம்.

எனக்கு எல்லாம் தெரியும். அது பொம்மை என்று தெரியும். அன்றைக்கு வயரோடு அழுததைப் பிடித்து வைத்திருக்கிறது என்று தெரியும். மகள் அடுப்படியில் இருக்கிறாள் என்று தெரியும். மூணு எண்ணணும் என்று நானே சொல்லிக்கொடுத்தவள். நான் ஒன்றுகூட எண்ணவில்லை. கதவுக்குள் போனேன். அது பிடித்துக்கொண்டது.

போனைக் கட்டிலில் வைத்துவிட்டேன். வயரைக் கழற்றினேன்.

மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏம்மா போன? அதுன்னு தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"பெறகு?"

"நீ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். அழுதிருப்பாள். நான் போகவில்லை.

எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. ஆனால் சொல்கிறதுக்கு மூணு நாள் ஆனது. திருப்பூரில் கதவைத் தட்டுகிறவன் எவன் என்று தெரியாது. அங்கே ஒரு சத்தத்தை நம்பாமல் இருக்கிறது அந்தப் பிள்ளைக்குக் காவல். எங்கள் காட்டில் அது நேர் எதிர். எங்களுக்குச் சத்தம்தான் கயிறு. புகைக்குள் ஆள் தெரியாது, குரல்தான் தெரியும். ஒரே விளையாட்டு அங்கே ஒன்று, இங்கே ஒன்று. அதனால் இங்கே வேண்டாம், அங்கே இருக்கட்டும் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் பெற்றவள் அரை மணி நேரம் கதவுக்கு வெளியே நின்றாளே. அவளும் ஒரு நாள் மயக்கம் போட்டு அந்த வாசலில் விழலாம். ஒரு தடவைதான் கூப்பிட முடியும்.

விளையாட்டின் மேல் மட்டும் பழியைப் போடவும் எனக்கு மனசில்லை. மூணு எண்ணச் சொன்னது நான். ஒத்தையில் ஏறினது நான். பதினாறு என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு விட்டதும் நான். பெரிய ஆளுக்கு விளையாட்டு முடிந்தால் முடிந்தது. இந்த வயசுக்கு அது வெளியேயும் கூடவே வருகிறது. அது பிள்ளைகள் குற்றமில்லை.

கொழுந்தியாவிடம் சொல்வதற்கு முன்னால் பிள்ளையிடம் சொல்லணும் என்று நினைத்தேன். போன் போட்டேன்.

"வேணாம்டா. அழிச்சிரு. ஒங்கம்மாகிட்டயும் சொல்லப் போறேன்."

"கால் வெந்ததுக்கா அத்தை? நான்தான் அசையாதன்னு சொன்னேன். என்னையத் திட்டுங்க. வெளயாட்ட ஏன் திட்டுறீக?"

"ஒன்னையத் திட்டல."

"அப்ப வயர் மாட்டாம வெளயாடுறோம்."

"வேணாம்."

அந்தப் பக்கம் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப பத்து மணியிலருந்து எட்டு மணி வரைக்கும் நான் என்ன செய்ய? சொல்லுங்க. வேணாம்னு சொல்லத் தெரியுதுல்ல."

டிவி பாரு, படி என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவள் வைத்துவிட்டாள்.

கொழுந்தியாவிடமும் சொல்லிவிட்டேன். ரெண்டு நாள் பிள்ளையிடமிருந்து போன் இல்லை. கொழுந்தியாதான் சொன்னாள், அழித்துவிட்டாள், யாரோடும் பேச மாட்டேன் என்கிறாள் என்று. மூணாவது நாள் நானே போட்டேன். எடுத்தாள். பேசவில்லை.

"வைக்காத. போன ஓரமா வச்சுட்டு ஒன் வேலையப் பாரு. நான் இங்க ஒக்காந்து தழை கழிக்கிறேன். கேட்டுக்கிட்டு இரு."

"எதுக்கு?"

"சும்மா."

காலை நீட்டி வைத்துக்கொண்டு அரிவாளால் கருவைக் கிளைகளில் தழை கழித்தேன். அவள் குக்கர் வைத்தாள். விசில் கேட்டது. புஸ்தகத்தைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. என் மகள் வந்து போனைப் பார்த்தாள், "ஏய், என்னடி கொழம்பு?" என்றாள். "ஒனக்கெதுக்கு?" என்றது திருப்பூர். மகள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது தினமும் அப்படித்தான். முக்கால்வாசி நேரம் யாரும் பேசுவதில்லை. சார்ஜ் தீர்ந்தால் போட்டுவிட்டு மறுபடி கூப்பிடுகிறோம். எனக்கு இது ஒரு வேலை கூடுதல். வேண்டாம் என்று சொன்னவள் நான்.

நேற்று மத்தியானம் திடீரென்று கேட்டாள்.

"அத்தை, எப்ப மறுபடி வெளயாடலாம்?"

"பத்தாவது முடி. பதினாறு ஆகட்டும்."

"அது ரொம்ப நாளு."

"ஆமா."

"ஒங்க மகளுக்கு அதுக்கு மேலயும் ஒரு வருசம்."

"ஆமா."

"நல்லா இல்ல அத்தை, நீங்க செஞ்சது."

"சரி" என்றேன். அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.